கத்தரிக்கோல் கைமாறும் காலம்

நுழையும்முன்

தனி ஒருவராகத் தொடங்கிய தொழில் வளரும்போது, ஒரு கட்டத்தில் பிறர் கையை நாடுகிறது. எந்த வேலையை, யாரிடம், எப்போது ஒப்படைப்பது என்பதை அறிவது சிறுதொழில் நடத்துவோருக்கு எளிதன்று. தேவை வந்த பின்னும் தயங்கி நிற்போர் உண்டு. ஆயத்தமாகும் முன்பே கொடுத்துவிட்டு இழப்போரும் உண்டு. தையற்கடை ஒன்றின் அன்றாட நடப்பையும், தமிழ் வணிகர் கடல் கடந்த நாடுகளில் கடைப்பிடித்த முறையையும் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

தெருமுனைக் கடைகளின் கதவில் சில நாள்களில் ஓர் அட்டை தொங்கும். 'உடல்நலக் குறைவு, இரண்டு நாள் கடை விடுமுறை' என்பது போன்ற வாசகம் அதில் இருக்கும். தையற்கடை, அச்சகம், மிதிவண்டி பழுதுபார்க்கும் நிலையம், சிறிய உணவகம் என எதுவாயினும் நிலைமை ஒன்றே. முதலாளி படுத்தால் கடையும் படுத்துக்கொள்ளும். வாடகை மட்டும் படுப்பதில்லை. கடன் தவணையும் காத்திருப்பதில்லை. ஒருவருடைய காய்ச்சலைத் தாங்கிக்கொள்ள இயலாத தொழில் அவர்தம் குடும்பத்துக்குச் சோறு போடலாம், பாதுகாப்பாக அமையாது.

இந்த உண்மை அத்தொழிலை நடத்துபவருக்குத் தெரியாததன்று. 'ஓர் ஆளை வைத்துக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்காத உறவினர் இல்லை. ஆயினும் அவர் தயங்குகிறார். அத்தயக்கத்தைப் பிடிவாதம் என்றோ கருமித்தனம் என்றோ ஒதுக்கிவிடுவது முறையன்று. 'நான் செய்தால்தான் சரியாக வரும்' என்று அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையே. அவருடைய கைப்பக்குவத்தை நாடித்தான் மக்கள் வருகின்றனர். எனவே, வேலையை ஒப்படைக்க வேண்டுமா என்பதைவிட, ஒப்படைக்கும் நிலையை அவர் எய்திவிட்டாரா என்பதே ஆராயத்தக்க வினாவாகும். தேவை ஏற்படுவது ஒன்று, ஆயத்தமாவது வேறொன்று.

தேவை எப்போது தெரியும்?

சில தொழில்களில் தேவை தானே வந்து கதவைத் தட்டும். கோவையின் தொழில்மேதை ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அதனைத் தாமே ஓட்டினார். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளை ஓட்ட இயலாது. ஆகவே, இத்தகைய தொழிலில் இரண்டாவது வண்டி வாங்கும் நாளே ஒப்படைக்கும் நாளாகிவிடுகிறது, தயங்குவதற்கு இடமில்லை.

தையற்கடைக்கு அப்படியோர் இரண்டாவது வண்டி வருவதில்லை. வேலை சிறிது சிறிதாக ஏறும். உறக்கம் சிறிது சிறிதாகக் குறையும். வீட்டின் முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தோடு கடை நடத்தும் பெண்மணி ஒருவரை எண்ணிக்கொள்வோம். ரவிக்கை தைப்பதில் தேர்ந்தவர். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, 'இனித் துணி வாங்க முடியாது' என்று கூறிவிடுகிறார். வாங்கிய துணிகளையும் சொன்ன நாளில் கொடுக்க இயலவில்லை. அளவு கொடுக்க வந்தவர், இயந்திரம் ஓடி முடியும்வரை வாசலில் நிற்கிறார்.

இவற்றைக் களைப்பின் குறிகள் எனலாமே தவிர, ஒப்படைப்பதற்கான குறிகள் எனல் ஆகாது. பண்டிகைக் காலக் களைப்பு பண்டிகை முடிந்ததும் தீர்ந்துவிடும். அதனை நம்பி ஆள் சேர்த்தால், பின்னர் அவருக்குக் கொடுக்க வேலை இராது. பார்க்க வேண்டிய குறி வேறு. நள்ளிரவு வரை அமர்ந்து கொக்கி வைக்கிறார். ஓரம் மடித்துத் தைக்கிறார். மறுநாள் காலையில், கண் எரிச்சலோடு பட்டுத் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுக்கிறார். தம் திறமை முழுவதையும் வேண்டி நிற்கும் வேலையைக் களைத்த கையால் செய்கிறார்; பழகிய எவரும் செய்யத்தக்க வேலைக்கு மணிக்கணக்கைக் கொடுக்கிறார். இந்நிலை ஆண்டின் எல்லா மாதங்களிலும் தொடருமாயின், தேவை வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

கை அறிந்ததை வாய் சொல்லுமா?

ஆயத்தத்தின் முதல் அடையாளத்தை மேசைமேல் கிடக்கும் அளவு ஏட்டில் காணலாம். தனியாகத் தொழில் செய்பவரின் ஏடு பெரும்பாலும் அவருக்கு மட்டுமே புரியும். ஓர் எண்ணுக்கு அடியில் ஒரு கோடு. அக்கோடு 'சற்றுத் தளர்வாக வேண்டும்' என்று பொருள்படும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அவருடைய ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்தது என்பதன் நினைவுக்குறி. இத்தகைய ஏட்டை இன்னொருவர் கையில் கொடுத்துத் தைக்கச் சொல்வது, தெரியாத மொழியில் கடிதம் எழுதி மறுமொழி எதிர்பார்ப்பது போன்றதாகும். ஏடு பிறர் படிக்கத்தக்கதாக மாறிய பின்னரே வேலை கைமாற முடியும்.

ஏட்டுக்குப் பொருந்துவது வாய்மொழிக்கும் பொருந்தும். பல்லாண்டுப் பழக்கத்தால் கை கற்றுக்கொண்டவற்றை அந்தக் கைக்கு உரியவரே சொற்களால் சொல்ல அறியார். 'பார்த்துச் செய்' என்பதே அவர் தரும் பயிற்சியாகிவிடுகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்பது கேட்பவருக்கு விளங்குவதில்லை. பக்கத் தையலில் எவ்வளவு துணியை உள்ளே விட வேண்டும், பிற்காலத்தில் பிரித்துப் பெரிதாக்க இடம் வேண்டுமா, உள்துணி எங்கே முடிய வேண்டும் என்று அவரால் சொல்ல முடிகிறதா? முடியுமாயின் அவர் ஆயத்தமாகிவிட்டார். முடியாதாயின், குறை புதிதாக வந்தவரிடத்தில் இல்லை.

உணவகங்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 'ஒரு கைப்பிடி உப்பு' என்றால் யாருடைய கைப்பிடி? சமையலறையில் கண்ணளவாகவே பொருள் போட்டு வந்தவர் ஒருநாள் விடுப்பு எடுத்தால், சாம்பாரின் சுவை மாறியதை முதல் பந்தியிலேயே வாடிக்கையாளர் கண்டுகொள்வார். கைப்பிடியைக் கரண்டியாகவும் கரண்டியைக் கிராமாகவும் மாற்றி எழுதி வைக்கும் உழைப்பை யாரும் பாராட்டுவதில்லை. ஆயினும் ஒப்படைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லால் உணர்த்த முடியாதவை எப்போதும் சில எஞ்சும். அவற்றை என்ன செய்வது? 1959இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனை முதலாகக் கொண்டு அப்பளத் தொழில் ஒன்றைத் தொடங்கினர். பின்னாளில் 'லிஜ்ஜத்' என்னும் பெயரால் நாடறிந்த கூட்டு நிறுவனம் அது. அங்கே மாவு பிசையும் வேலை மையத்திலேயே நடைபெறும். பிசைந்த மாவை உறுப்பினர் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்று அப்பளமாக இட்டு உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து ஒப்படைப்பர். எடையும் தரமும் பார்க்கப்பட்டு அவர்களுக்குரிய தொகை வழங்கப்படும். சுவையைத் தீர்மானிக்கும் வேலை ஓரிடத்தில் நிற்க, நேரத்தை விழுங்கும் வேலை பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை இம்முறை நன்கு விளக்குகிறது.

பிரிக்க முடிவதும் ஒட்ட முடியாததும்

தையற்கடைகளில் தொழில் பயில வருபவருக்கு வேலை கொடுக்கப்படும் வரிசை கருதத்தக்கது. முதலில் பித்தான் தைக்கவும் காஜா எடுக்கவும் கற்றுத்தருவர். அடுத்து ஓரம் தைத்தல். பின்பு பாவாடை, தலையணை உறை போன்ற நேர்த்தையல் வேலைகள். அதன் பின்னரே ரவிக்கையும் சட்டையும். கத்தரிக்கோல் இறுதியாகத்தான் கைக்கு வரும். சில கடைகளில் வருவதே இல்லை. துணி வெட்டுபவரைத் தனியே 'கட்டிங் மாஸ்டர்' என அழைப்பதும் இதனால்தான்.

இவ்வரிசையை எளியது முதல் கடினமானது வரை என்று விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் பாதியே சரி. காஜா எடுப்பது எளிய வேலையன்று. நல்ல காஜாவுக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். வரிசையின் உட்பொருள் பிழையின் விலையில் உள்ளது. பித்தான் இடம் மாறினால் நூலை அறுத்து மீண்டும் தைக்கலாம். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டிய துணியை ஒட்ட இயலாது. அது முகூர்த்தப் பட்டோடு இணைந்து வந்த ரவிக்கைத் துணியாக இருந்தால், கடையில் அதே நிறத்தில் வேறொன்றைத் தேடியும் பயனில்லை. திருமண நாளைத் தள்ளி வைக்கவும் முடியாது.

எனவே, எதனை முதலில் ஒப்படைப்பது என்று திகைப்பவர் ஒவ்வொரு வேலையையும் எடுத்துக்கொண்டு, 'இது தவறினால் திருத்த முடியுமா? திருத்த எவ்வளவு ஆகும்?' என்று கேட்டுப் பார்க்கலாம். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் செய்த பிழை, மெய்ப்புப் பார்க்கும்போது திருந்தும். ஆயிரம் அழைப்பிதழ்கள் அச்சாகி முடிந்தபின் கண்ட பிழைக்குத் தாளின் விலையும் மையின் விலையும் கொடுத்தாக வேண்டும். ஆகவே எழுத்துக் கோப்பதை விரைவில் கொடுக்கலாம். 'அச்சிடுக' என்று கையொப்பமிடுவதை நெடுநாள் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். சிறுதொழில் நடத்துவோர் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர் என்பதே வருத்தம். களைப்பு மிகுந்த நாளில், அவசரத்தில், கைக்கு அருகில் இருப்பவரிடம் கைக்கு வந்த வேலையைத் தள்ளிவிடுகின்றனர். அது பெரும்பாலும் திருத்த முடியாத வேலையாக அமைந்துவிடுகிறது. பின்பு, 'ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை' என்ற முடிவுக்கு வருகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

திருக்குறளின் பொருட்பாலில் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'; அடுத்துள்ள 52ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஒருவரை ஆராய்ந்து நம்புவது முன்னதன் பொருள். அவருடைய தன்மையறிந்து அவரிடம் செயலை ஒப்படைப்பது பின்னதன் பொருள். அரசனை நோக்கிக் கூறப்பட்டவை எனினும், இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்த முறை, வேலை கொடுக்கும் எவருக்கும் பொருந்தும்.

ஒரு சிறு கணக்கு

ஆயத்தத்துக்குப் பணக்கணக்கும் வேண்டும். முன்னே கூறிய தையற்கலைஞர் நாளொன்றுக்கு 10 மணி நேரம் உழைக்கிறார் எனக் கொள்வோம். ஒரு ரவிக்கைக்கு அளவெடுத்து வெட்ட அரை மணி, இயந்திரத்தில் தைக்க ஒரு மணி, கொக்கி வைத்து ஓரம் தைத்துத் தேய்த்து முடிக்க அரை மணி. நாளுக்கு 5 ரவிக்கைகள். ஒன்றுக்குக் கூலி 200 ரூபாய் எனில், வரவு 1,000 ரூபாய்.

முடிப்பு வேலையை மட்டும் ஒருவரிடம் கொடுக்கிறார். ஒன்றரை மணிக்கு ஒன்றாக 6 ரவிக்கைகளைத் தைக்கிறார். மீந்த ஒரு மணி நேரத்தில், ஒன்றுக்குப் பத்து நிமிடமாக முடிப்பைச் சரிபார்க்கிறார். வரவு 1,200 ரூபாய். உதவியாளருக்கு ஒன்றுக்கு 20 ரூபாயாக 120 ரூபாய் போக, எஞ்சுவது 1,080. கூடுதல் வருவாய் வெறும் 80 ரூபாய்! உதவியாளர் பழகும் தொடக்க வாரங்களில் இந்த 80 ரூபாயும் கிட்டாது. கற்பிக்கச் செலவாகும் நேரமும், பிரித்துத் தைக்கும் நேரமும் அதை விழுங்கிவிடும். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, 'நானே செய்துகொள்கிறேன்' என்று திரும்பிவிடுகின்றனர்.

இயந்திரத் தையலையும் ஒப்படைக்கும் நிலை வந்தபின் கணக்கு மாறுகிறது. வெட்டுவதற்கு அரை மணியும் சரிபார்க்கப் பத்து நிமிடமும் போக அவருக்கு வேறு வேலையில்லை. 10 மணி நேரத்தில் 15 ரவிக்கைகள் அவர் கை வழியே வெளியேறும். வரவு 3,000 ரூபாய். தையலுக்கு 80, முடிப்புக்கு 20 என ஒன்றுக்கு 100 ரூபாய் கொடுத்தாலும் 1,500 ரூபாய் எஞ்சும். இயந்திரத் தையலுக்கு இருவர் வேண்டும், இயந்திரங்களும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் 15 துணிகள் வர வேண்டும். வரவில்லையெனில் இக்கணக்கு தாளோடு நின்றுவிடும்.

இதிலிருந்து தெரிவது, பயன் பிந்தி வரும் என்பதே. இடைப்பட்ட மாதங்களைத் தாங்கச் சிறிது சேமிப்பும், அதைவிட மிகுதியான பொறுமையும் உடையவரே ஒப்படைக்க ஆயத்தமானவர். சேமிப்பு அறவே இல்லாதவருக்கு, 'துணிந்து ஆள் சேருங்கள்' என்று அறிவுரை கூறுவது எளிது. கூலி நாளில் அறிவுரை கூறியவர் அருகில் இருக்கமாட்டார்.

கடல் கடந்த ஒப்படைப்பு

பக்கத்து அறையில் இருப்பவரிடம் வேலையைக் கொடுக்கவே இவ்வளவு தயக்கம் என்றால், கடலுக்கு அப்பால் இருப்பவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்தவர்கள் எவ்வாறு துணிந்தனர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்தினர். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். வெளிநாட்டுக் கடையை, சம்பளத்துக்கு அனுப்பப்பட்ட மேலாள் நடத்துவார். (அத்தொழிலால் பர்மிய உழவர் பலர் நிலமிழந்த வரலாறு தனியே பேசத்தக்கது, இங்கு நாம் பார்ப்பது நிருவாக முறையை மட்டுமே.)

அம்முறையின் வலிமை படிநிலையில் இருந்தது. இளைஞர் ஒருவர் முதலில் 'பெட்டியடிப் பையன்' ஆகச் சேர்வார். ஏவிய வேலைகளைச் செய்துகொண்டே பேரேடு எழுதக் கற்பார். பின்பு 'அடுத்தாள்' ஆவார். மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்து கடையைப் பார்த்துக்கொள்வார். அதன்பிறகே 'மேலாள்' என்னும் பொறுப்பு வரும். கத்தரிக்கோல் இறுதியில் வரும் தையற்கடை வரிசையே இங்கும் அமைந்திருப்பதைக் காணலாம். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அது முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்ப வேண்டும். வரவு செலவு நிலையைக் காட்டும் 'ஐந்தொகை' முதலாளியின் பார்வைக்கு வரும். சம்பளத்தோடு ஆதாயத்தில் ஒரு பங்கு வழங்கப்படுவதும் உண்டு.

முதலாளியின் கண் இரங்கூனில் இல்லை; அவருடைய கணக்கு இருந்தது. நாள்தோறும் எட்டிப் பார்ப்பதற்கு மாறாக, எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று முன்பே வரையறுத்துக்கொண்டனர். ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். மேலாளாகச் சென்றவர்கள் பெரும்பாலும் அதே சமூகத்தினர்; தவறிழைத்தவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க இயலாது. அந்தக் கட்டுப்பாடு இன்றைய கடை உரிமையாளருக்குக் கிட்டுவதன்று. உறவினரைச் சேர்த்துக்கொண்டால் அது கிட்டிவிடும் என நினைப்போர் உளர். உறவு, நேர்மைக்கு ஓரளவு பிணையாகலாம். காஜா நேராக வருவதற்குப் பிணையாகாது. மேலும், உறவினரின் பிழையைச் சுட்டுவது அயலாரின் பிழையைச் சுட்டுவதைவிடக் கடினம்.

வேலை போகும், பொறுப்பு போகாது

ஒப்படைத்தபின் நிகழும் பிழைக்கு யார் பொறுப்பு? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முதல்வர், முகவர் என்னும் உறவை வரையறுக்கிறது. முகவர் தமக்குத் தரப்பட்ட அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்த செயல், முதல்வரே செய்தது போல அவரைக் கட்டுப்படுத்தும். சட்டத்தைப் படிக்காத வாடிக்கையாளரும் இதனை அறிவார். ரவிக்கை இறுக்கமாக இருந்தால் அவர் உதவியாளரைத் தேடமாட்டார். கடைக்கு உரியவரைத்தான் கேட்பார்.

அப்போது உரியவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய ஆயத்தம் வெளிப்படும். வாடிக்கையாளர் முன்னிலையில் உதவியாளரைக் கடிந்துகொள்பவர், பழியைத்தான் ஒப்படைத்திருக்கிறார், வேலையை ஒப்படைக்கவில்லை. அதன் விளைவும் உடனே தெரியும். அடுத்த பிழையை உதவியாளர் மறைத்துவிடுவார். துணியில் இரும்புப்பெட்டி சுட்ட தழும்பை மடிப்புக்குள் ஒளித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். 'அக்கா, இங்கே சுட்டுவிட்டேன்' என்று தாமாக வந்து சொல்லும் பணியாளர் கிடைப்பது பெரும்பேறு. அப்படிச் சொல்லத்தக்க கடையாக வைத்திருப்பது உரிமையாளரின் கையில் உள்ளது.

வேலையைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடாதிருப்பதும் உண்டு. கடையில் தனியே இருக்கும் பணியாளரிடம் வாடிக்கையாளர் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறார். பணியாளர் முதலாளிக்குத் தொலைபேசியில் பேசுகிறார். அரை மணிக்குள் இரண்டாவது அழைப்பு: நாளைக்குத் தர வேண்டிய துணியை இன்றே கேட்கிறார்கள், என்ன செய்ய? மருத்துவமனையில் தாயின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் முதலாளி, அங்கிருந்தபடியே கடை நடத்துகிறார். எவ்வளவு ரூபாய் வரை பணியாளரே முடிவெடுக்கலாம், எந்தெந்தச் செய்திக்குக் கேட்டே தீர வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த அழைப்புகளுக்கு வேலை இராது.

மற்றொரு தடை நுண்ணியது. உதவியாளர் ஓரத்தை இடப்பக்கமிருந்து தைத்துவருகிறார். முதலாளிக்கோ வலப்பக்கமிருந்து தைப்பதே வழக்கம். தையல் நேராக இருக்கிறது, இழுத்தாலும் பிரியவில்லை. ஆயினும் முதலாளியின் கை பரபரக்கிறது. வாங்கிப் பிரித்து, தம் முறையில் தைத்துக் காட்டுகிறார். பிழைக்கும் வேற்றுமைக்கும் இடையேயுள்ள எல்லையை இன்னும் அவர் கண்டறியவில்லை. தாம் செய்யும் முறையில் எது தரத்துக்கு இன்றியமையாதது, எது வெறும் பழக்கம் என்று பிரித்தறிவதற்குச் சில காலம் பிடிக்கும். உதவியாளர் தைத்த பத்து ரவிக்கைகளையும் தாம் தைத்த பத்து ரவிக்கைகளையும் கலந்து வைத்து, எவை எவருடையவை என்று அவரால் சொல்ல முடியாத நாளில், அவ்வேலையைச் சரிபார்ப்பதையும் குறைத்துக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலின் முறை அதற்குப் பின்னர் வரும். முதலில் பழைய செய்தித்தாளில் அளவு வரைந்து வெட்டச் சொல்வர். பின்பு உள்துணி, பின்பு பருத்தி. உதவியாளர் சுண்ணக்கட்டியால் கோடிட, முதலாளி அதைப் பார்த்துத் தலையசைத்த பின்னரே கத்தரிக்கோல் இறங்கும். பட்டுத் துணியை விரிக்கும் நாளில் முதலாளி அருகில் நிற்பார்; கை நீட்டமாட்டார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள சிறுதொழில் ஒன்றில் நடைபெறும் வேலைகளைக் கேட்டறிந்து, பிழை நேர்ந்தால் திருத்தத்தக்கவை, திருத்த இயலாதவை எனப் பிரித்து எழுதுக.

2. உங்கள் வீட்டில் ஒருவர் மட்டுமே அறிந்த சமையற்பக்குவம் ஒன்றை, அவரிடம் கேட்டு, முன்பின் அறியாதவரும் செய்யத்தக்க வகையில் அளவுகளோடு எழுதுக. அவரால் சொற்களில் விளக்க இயலாதவை எவை என்பதையும் குறித்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. மூன்று நாள் வெளியூர் செல்லும் கடை உரிமையாளர் தம் பணியாளருக்கு விட்டுச்செல்லும் குறிப்பு ஒன்றை, ஒரு பக்க அளவில் உருவாக்குக.